அந்த ஒரு நோபோல்

கெத்தாராம மைதானத்தில் இரவு ஆட்டம் என்றால் கொலன்னாவையில் இருக்கும் எங்களுக்கு யாரும் வந்து சொல்லத் தேவையில்லை. வானத்தில் வெளிச்சம் தெரியும். தெமட்டகொடைப் பக்கம் வாகனங்கள் நகராது. வேலை முடிந்து வரும் கணவர் ஒரு மணித்தியாலம் பிந்துவார். சோற்றை இரண்டு தரம் சூடாக்க வேண்டியிருப்பதால்தான் எனக்குக் கிரிக்கெட் பிடிக்காமல் போனது என்று வீட்டில் சொல்லிக்கொள்வேன். அது சுத்தப் பொய். எல்லாரும் படுத்த பிறகும் கடைசி ஓவர் வரை பார்ப்பவள் நான்தான்.

2018 மார்ச் 16ஆம் திகதி வெள்ளிக்கிழமை இரவும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாட்டின் சுதந்திரத்துக்கு 70 வருடங்கள் நிறைவானதையொட்டி நடந்த சுதந்திரக் கிண்ணப் போட்டித் தொடர் அது. இலங்கை, இந்தியா, பங்களாதேஷ் மூன்றும் ஆடின. இந்தியா ஏற்கனவே இறுதிப் போட்டிக்குப் போய்விட்டது. அன்று வெல்பவர் உள்ளே, தோற்பவர் வெளியே. இலங்கை 159 ஓட்டங்கள் எடுத்திருந்தது. கடைசி ஓவரில் பங்களாதேஷுக்கு 12 ஓட்டங்கள் தேவை. பந்து இசுரு உதானவின் கையில்.

முதல் பந்து எழும்பி வந்தது, ஓட்டமில்லை. இரண்டாவதும் அதேபோல எழும்பிய பந்து. முஸ்தபிசுர் ரஹ்மான் அடிக்க முடியாமல் ஓடினார், ரன் அவுட் ஆனார். வினை அங்கேதான் தொடங்கியது. ஒரு ஓவரில் தோளுக்கு மேலே போகும் பந்து ஒன்றுதான் வீசலாம், இரண்டாவது நோபோல். லெக் பக்கத்தில் நின்ற நடுவர் முதலில் நோபோல் காட்டினார், பிறகு நடுவர்கள் பேசி அதை விட்டுவிட்டார்கள் என்பது பங்களாதேஷின் வாதம். அணித்தலைவர் ஷகிப் அல் ஹசன் எல்லைக் கோட்டுக்கு வந்து, ஆடிக்கொண்டிருந்தவர்களை வெளியே வரும்படி கை அசைத்தார். உள்ளே இரு அணி வீரர்களும் தள்ளுமுள்ளு. சில நிமிடங்கள் ஆட்டமே நின்றது.

பிறகு மஹ்மதுல்லா ஒரு நான்கு, ஓர் இரண்டு, ஓர் ஆறு அடித்தார். ஒரு பந்து மிச்சம் இருக்க எல்லாம் முடிந்தது. பங்களாதேஷ் வீரர்கள் பாம்பு நடனம் ஆடினார்கள். அவர்களுடைய உடைமாற்றும் அறையின் கண்ணாடிக் கதவு உடைந்து கிடந்ததாக மறுநாள் செய்தி வந்தது. ஷகிப்புக்கும் நூருல் ஹசனுக்கும் போட்டிச் சம்பளத்தில் 25 வீதம் அபராதம்.

தோற்றது ஒரு பக்கம் இருக்கட்டும். மறுநாள் காலை எங்கள் ஒழுங்கையில் நடந்ததைத்தான் நான் எழுத வந்தேன்.

அது எப்படிப்பட்ட கிழமை என்பதையும் சொல்ல வேண்டும். இந்தத் தொடர் தொடங்கிய மார்ச் 6ஆம் திகதிதான் திகன கலவரத்தால் நாட்டில் அவசரகால நிலை பிரகடனமானது. கண்டிப் பக்கத்தில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. முகநூலுக்குப் போட்டிருந்த தடை 15ஆம் திகதிதான் நீங்கியது. எங்கள் ஒழுங்கையில் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லாரும் இருக்கிறோம். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் எல்லாரும் கொஞ்சம் மெதுவாகப் பேசினோம்.

பக்கத்து வீட்டுப் பெண்ணை நான் தாத்தா என்றுதான் கூப்பிடுவேன். முஸ்லிம் வீடுகளில் மூத்த சகோதரியை அப்படித்தான் அழைப்பார்கள். அவருடைய மகனும் என் மகனும் ஒரே வயது, அப்போது பதினைந்து. காலையில் பாண் வாங்கக் கடைக்குப் போன இடத்தில் பெரியவர்களின் பேச்சுக்குள் இரண்டு பேரும் நுழைந்துவிட்டார்கள்.

"அது நோபோல்தான் அங்கிள்" என்றான் தாத்தாவின் மகன். "ஆனா ரன் அவுட்டும் அவுட்தான். நோபோல்லயும் ரன் அவுட் கொடுக்கலாம்."

எவ்வளவு சரியான பேச்சு! நோபோல் என்று கொடுத்திருந்தாலும் அந்த விக்கெட் போனது போனதுதான். பங்களாதேஷுக்குக் கிடைத்திருக்கக் கூடியது ஒரு ஓட்டமும், ஒரு பந்தும், அடுத்த பந்துக்கு ஃப்ரீ ஹிட்டும். 4 பந்தில் 12 என்பது 5 பந்தில் 11 ஆகியிருக்கும். அங்கே நின்ற பெரியவர்களில் ஒருவருக்கும் இந்தக் கணக்குத் தோன்றவில்லை.

கடை வாசலில் நின்ற ஒருவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார்: "நீ எந்த நாட்டு ஆள்?"

பகிடிதான். வேறொரு மாதமாக இருந்தால் பையனும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பான். தாத்தா வாசலில் இருந்து ஓடி வந்து அவனுடைய கையைப் பிடித்தார். "உள்ளுக்கு வாங்க மகன். அவங்க சொல்றதுதான் சரி" என்றார். அவருடைய முகம் வெளுத்திருந்தது. பாதிப் பாண் கையில் இருக்க, பையன் ஒன்றும் பேசாமல் போனான்.

என் மகனும் அதையேதான் சொல்ல வாயெடுத்தான். "தம்பி, நீயும் வா" என்று நானும் கூப்பிட்டுவிட்டேன். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் கூப்பிட்டேன். கடைகள் எரிந்த நாட்களைச் சின்ன வயதில் பார்த்தவர்களுக்கு அந்தக் குரல் தானாகவே வந்துவிடுகிறது.

உள்ளே வந்த மகன் என்னை விடவில்லை. "அம்மா, அர்ஜுன ரணதுங்க செய்தா வீரம், ஷகிப் செய்தா ரவுடித்தனமா?" என்று கேட்டான்.

1999 ஜனவரி 23ஆம் திகதி அடிலெய்டில் இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டம். முத்தையா முரளிதரன் பந்தை எறிகிறார் என்று ரொஸ் எமர்சன் நோபோல் கொடுத்தார். அர்ஜுன முழு அணியையும் எல்லைக் கோடு வரை கூட்டிக்கொண்டு போனார். பிறகு ஆட்டம் தொடர்ந்து, 303 ஓட்டங்களைத் துரத்தி ஒரு விக்கெட்டால் இலங்கை வென்றது. அன்று நாங்கள் கை தட்டினோம். நானும்தான் தட்டினேன், அது பிழை என்று இன்றைக்கும் நினைக்கவில்லை. பந்துவீச்சாளர் ஒருவரின் வாழ்க்கையே அங்கே கேள்விக்குள்ளானது, இங்கே ஒரு பந்துதான் பிரச்சினை என்று மகனுக்குச் சொன்னேன். அவன் ஏற்றுக்கொள்ளவில்லை. நேரம் போகப் போக எனக்கும் முழு நிச்சயம் இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டி. மைதானத்தில் இருந்த நம்மவர்களில் மிகப் பெரும்பாலானோர் இந்தியாவின் பக்கம். கடைசிப் பந்தில் 5 ஓட்டங்கள் தேவை என்றிருக்க, சென்னையைச் சேர்ந்த தினேஷ் கார்த்திக் சௌமியா சர்க்காரின் பந்தை ஆறாக அடித்தார். 8 பந்துகளில் 29 ஓட்டங்கள். ஒழுங்கையில் வெடி கொளுத்தினார்கள். மற்ற நாட்களில் இந்தியாவுக்குக் கை தட்டும் தமிழ் வீடுகளை ஒரு மாதிரிப் பார்ப்பவர்களும் அன்று கார்த்திக்கை "நம்ம ஆள்" என்றார்கள். கடை வாசலில் அந்தக் கேள்வி கேட்டவரும் ஆடிக்கொண்டிருந்தார். எந்த நாட்டு ஆள் என்று அவரை யாரும் கேட்கவில்லை. தாத்தாவின் வீட்டில் மட்டும் நேரத்தோடு விளக்கை அணைத்துவிட்டார்கள்.

அடுத்த நாள் ஒரு கிண்ணத்தில் வட்டிலப்பம் எடுத்துக்கொண்டு தாத்தா வந்தார். கிரிக்கெட்டைப் பற்றி நாங்கள் இருவரும் பேசவில்லை.

ஐந்து வருடங்கள் கழித்து, 2023 நவம்பர் 6ஆம் திகதி, டில்லியில் உலகக் கிண்ண ஆட்டம். தலைக்கவசத்தின் வார் அறுந்து, வேறொன்று எடுக்கச் சொல்லி நின்ற அஞ்சலோ மெத்தியூஸ் ஒரு பந்துகூட ஆடாமல் 'டைம் அவுட்' ஆனார். சர்வதேசக் கிரிக்கெட்டில் அதுதான் முதல் தடவை. முறையிட்டவர் அதே ஷகிப். இரண்டு நிமிடத்துக்குள் பந்தை எதிர்கொள்ளத் தயாராக வேண்டும் என்பது விதி. முறையீட்டை மீளப் பெறுவீர்களா என்று நடுவர்கள் கேட்டும் அவர் மறுத்தார்.

தாத்தா அன்று எங்கள் வீட்டில்தான் இருந்தார். அவருடைய மகன் கட்டாரில் வேலை. இரவே தொலைபேசியில் வந்துவிட்டான். "அன்ரி, சட்டப்படி அவுட்தானே?"

"சட்டம் சரி தம்பி. ஆனா வார் அறுந்தா மனுசன் என்ன செய்யுறது?" என்றேன். என் மகன் குறுக்கே விழுந்து, இரண்டு நிமிடம் ஏற்கனவே முடிந்துவிட்டது என்றான். வெளியே ஒழுங்கையில் ஷகிப்பைத் திட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

தாத்தா தொலைபேசியை என் கையில் இருந்து வாங்கினார். ஜன்னல் திறந்துதான் இருந்தது.

"அவுட்தான் மகன்" என்றார், நன்றாகக் கேட்கும்படி. "ஆனா ஷகிப் செஞ்சது சரியில்ல. நான் எங்கயும் சொல்லுவன்."