எந்த ரத்தம் உயர்ந்தது?

"அஞ்சு விரலும் ஒண்ணாவா இருக்கு?" பெரியவர்கள் பேசும்போது இதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஒருவருக்கு நிறையக் கிடைத்து இன்னொருவருக்கு ஒன்றுமே கிடைக்காதபோது, அது இயற்கை, அப்படித்தான் இருக்கும் என்று பேச்சை முடிக்க இந்த வரி வந்துவிடும். விரல்கள் ஒன்றுபோல இல்லை என்பது உண்மைதான். ஆனால் சுண்டுவிரலில் வெட்டுப்பட்டால், சின்ன விரல்தானே, மருந்து வேண்டாம் என்று யாரும் விட்டுவிடுவதில்லை.

இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. மனிதர்கள் பிறப்பிலேயே வேறுபட்டவர்களா என்பது ஒன்று. வேறுபட்டிருந்தால் அவர்களில் ஒருவர் மேல், இன்னொருவர் கீழா என்பது மற்றொன்று. இரண்டையும் பிரித்துப் பார்க்க ரத்தத்தைப் போல வசதியான பொருள் வேறு இல்லை. 'எங்கள் ரத்தம்', 'உயர்ந்த ரத்தம்' என்று மனிதர்கள் வெகுகாலமாகப் பெருமை பேசி வந்திருக்கிறார்கள். அந்த ரத்தத்தை ஒரு குழாயில் எடுத்து, ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துச் சோதித்துப் பார்த்ததோ சற்றேறக்குறைய 125 ஆண்டுகளுக்கு முன்புதான்.

அது ஆஸ்திரியாவின் வியன்னா நகரம், ஆண்டு 1900. கார்ல் லாண்ட்ஸ்டைனர் என்ற மருத்துவருக்கு அப்போது 32 வயது. அந்தக் காலத்தில் ஒருவருடைய ரத்தத்தை இன்னொருவருக்கு ஏற்றினால் சிலர் பிழைத்தார்கள், சிலர் இறந்துபோனார்கள். காரணம் யாருக்கும் தெரியவில்லை. லாண்ட்ஸ்டைனர் தன்னுடைய ரத்தத்தையும் கூட வேலை செய்தவர்களின் ரத்தத்தையும் எடுத்து, சிவப்பணுக்கள் தனி, சீரம் என்ற தெளிந்த நீர் தனி என்று பிரித்தார். பிறகு ஒருவருடைய சிவப்பணுக்களை இன்னொருவருடைய சீரத்தில் விட்டுப் பார்த்தார். சில கலவைகளில் ஒன்றும் நடக்கவில்லை. சிலவற்றில் சிவப்பணுக்கள் கட்டிகட்டியாகத் திரண்டன. எது எதோடு திரள்கிறது என்று கட்டம் போட்டு எழுதியபோது ஓர் ஒழுங்கு தெரிந்தது. 1901இல் மூன்று ரத்த வகைகள் இருப்பதாக அறிவித்தார். நான்காவதான ஏபி வகையை அடுத்த ஆண்டு அவருடைய சக ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். 1930இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த ஜூன் 14ஆம் தேதியைத்தான் உலகம் ரத்ததான தினமாகக் கொண்டாடுகிறது.

ரத்தம் ஏன் திரள்கிறது? சிவப்பணுவின் மேற்பரப்பில் சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலி சங்கிலியாக நீட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சங்கிலியின் நுனியில் ஒரு வகைச் சர்க்கரை ஒட்டியிருந்தால் ஏ, வேறொரு வகை ஒட்டியிருந்தால் பி. இரண்டும் இருந்தால் ஏபி, இரண்டும் இல்லாவிட்டால் ஓ. நம் உடலில் இல்லாத சர்க்கரையைச் சுமந்துகொண்டு வேறு ரத்தம் உள்ளே வந்தால், நம் சீரத்தில் உள்ள எதிர்ப்பொருள்கள் அதைப் பிடித்துக்கொள்கின்றன. அதனால்தான் திரள்கிறது.

இந்தச் சர்க்கரையை ஒட்டவைக்கும் வேலையைச் செய்வது ஒரு நொதி. அதற்கான மரபணு நம் ஒன்பதாவது குரோமோசோமில் இருக்கிறது. ஏ வகையின் நொதிக்கும் பி வகையின் நொதிக்கும் உள்ள வேறுபாடு வெறும் நான்கு அமினோ அமிலங்கள். ஓ வகையில் பெரும்பாலும் என்ன நடந்திருக்கிறது தெரியுமா? மரபணுவில் ஒரே ஓர் எழுத்து விடுபட்டிருக்கிறது. அதனால் நொதி வேலை செய்வதில்லை.

அப்படியானால் ஓ வகை ஒரு குறைபாடா? அவசரப்பட வேண்டாம். மலேரியா கடுமையாகத் தாக்கும்போது ஓ வகையினருக்கு ஓரளவு பாதுகாப்பு இருக்கிறது. காலரா வந்தாலோ அதே ஓ வகையினர் அதிகமாகப் பாதிக்கப்படுகிறார்கள். கொசு நிறைந்த ஊரில் எந்த வகை நல்லது, குடிநீர் கெட்டுப்போன ஊரில் எந்த வகை நல்லது என்று கேட்டால் வெவ்வேறு விடை வருகிறது. 'எது உயர்ந்தது' என்று பொதுவாகக் கேட்டால் இயற்கையிடம் விடையே இல்லை. இந்த வேறுபாடு மனித இனத்தைவிடப் பழையது என்பது இன்னொரு வியப்பு. சிம்பன்சிகளிடம் ஏ வகை உண்டு, கொரில்லாக்களிடம் பி வகை உண்டு.

உங்கள் பள்ளி அடையாள அட்டையில் ரத்த வகை என்று ஒரு வரி அச்சிட்டிருப்பார்கள். நாளை வகுப்பில் எல்லோருடைய அட்டையையும் பார்த்து ஓர் அட்டவணை போடுங்கள். நான்கு வகைகளுக்கு நான்கு பத்திகள், வகையோடு சேர்த்து எழுதியிருக்கும் பாசிட்டிவ், நெகட்டிவ் என்பதற்கு இரண்டு வரிசைகள். ஒரே பத்திக்குள் யார் யார் பெயர்கள் வந்து சேர்கின்றன என்று கவனியுங்கள். பிறகு பக்கத்து வகுப்புக்குப் போய், யாருடைய முகத்தையாவது, நிறத்தையாவது, பேச்சையாவது வைத்து அவருடைய ரத்த வகையைச் சொல்ல முடிகிறதா என்று முயன்று பாருங்கள்.

இதே வேலையை மிகப் பெரிய அளவில் செய்த ஒரு தம்பதி உண்டு. லுட்விக் ஹிர்ஸ்ஃபெல்ட், ஹன்னா ஹிர்ஸ்ஃபெல்ட் என்ற போலந்து மருத்துவர்கள். ரத்த வகை பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வருகிறது என்று காட்டியவர்களில் லுட்விக்கும் ஒருவர். முதல் உலகப் போரின்போது இருவரும் கிரேக்கத்தின் சலோனிகா நகரில் இருந்தார்கள். பல நாட்டுப் படைவீரர்களும் அங்கே கூடியிருந்தார்கள்; அவர்களில் இந்தியச் சிப்பாய்களும் உண்டு. 8,000க்கும் மேற்பட்டவர்களின் ரத்தத்தைச் சோதித்து 1919இல் முடிவுகளை வெளியிட்டார்கள். எல்லா மக்களிடமும் எல்லா வகைகளும் இருந்தன. மாறியது விகிதம் மட்டும்தான். இந்தியச் சிப்பாய்களிடம் பி வகை கூடுதலாகவும், ஐரோப்பியரிடம் ஏ வகை கூடுதலாகவும் இருந்தது. இன்னின்ன மக்களுக்கு மட்டும் இன்ன ரத்தம் என்று கோடு போட எங்கேயும் இடம் கிடைக்கவில்லை.

ஆனாலும் கோடு போட விரும்பியவர்கள் இருந்தார்கள். ஜெர்மனியில் சிலர் இந்த விகிதங்களை எடுத்துக்கொண்டு, ஏ வகைதான் மேலான இனத்தின் அடையாளம் என்று எழுத ஆரம்பித்தார்கள். பிறகு நாஜிகள் ஆட்சிக்கு வந்து போலந்தைப் பிடித்தபோது, யூதக் குடும்பத்தில் பிறந்த லுட்விக் ஹிர்ஸ்ஃபெல்ட் வார்சாவின் அடைப்புச் சேரிக்குள் தள்ளப்பட்டார். அங்கேயும் நோயாளிகளைப் பார்த்தார், மாணவர்களுக்கு மருத்துவப் பாடம் நடத்தினார். தப்பி உயிர் பிழைத்தார். எந்தக் கண்டுபிடிப்பு மனிதர்களின் கலப்பைக் காட்டியதோ, அதையே பிரிப்பதற்குக் கருவியாக்கியதை நினைக்கும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

அடுத்து அமெரிக்கா. சார்ல்ஸ் ட்ரூ என்ற கறுப்பின அறுவை மருத்துவர் ரத்தத்தைச் சேமித்து வைப்பது பற்றி ஆராய்ந்து 1940இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். முழு ரத்தம் சீக்கிரம் கெட்டுவிடும். அணுக்களை நீக்கிய பிளாஸ்மா அதைவிட நீண்ட நாள் தாங்கும். இதைப் பயன்படுத்தி, குண்டுவீச்சில் தவித்த பிரிட்டனுக்கு நியூயார்க்கிலிருந்து பிளாஸ்மா அனுப்பும் திட்டத்தை அவர் நடத்திக் காட்டினார். பிறகு அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் ரத்த வங்கிப் பணிக்கும் தலைமை தாங்கினார்.

1941இல் அந்தச் சங்கம், படைவீரர்களுக்கான ரத்தத்தைக் கறுப்பினத்தவரிடமிருந்து வாங்குவதில்லை என்று இருந்தது. அதாவது, ரத்த வங்கி எப்படி நடக்க வேண்டும் என்று வழிகாட்டியவரே அதில் ரத்தம் கொடுக்க முடியாது! எதிர்ப்பு எழுந்தது. 1942 ஜனவரியில் முடிவை மாற்றினார்கள். ரத்தத்தை வாங்கிக்கொள்வோம், ஆனால் தனியாக வைப்போம் என்றார்கள். ஒரு குழாய் ரத்தத்தை எந்த நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாலும் கொடுத்தவரின் நிறம் தெரியாது. அதனால் புட்டியின் மேல் எழுதி ஒட்ட வேண்டியிருந்தது. இதற்கு அறிவியலில் எந்த ஆதாரமும் இல்லை என்று ட்ரூ வெளிப்படையாகச் சொன்னார். 1950இல்தான் செஞ்சிலுவைச் சங்கம் அந்தப் பழக்கத்தை நிறுத்தியது. சில தென் மாநிலங்களில் இப்படிப் பிரித்து வைக்கச் சட்டமே இருந்தது. லூசியானாவில் அது 1972 வரை நீடித்தது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே மனிதன் நிலவில் நடந்துவிட்டான்.

ட்ரூ 1950இல் ஒரு கார் விபத்தில் இறந்தார். அவருக்கு ரத்தம் ஏற்ற மறுத்துவிட்டார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. அது உண்மை இல்லை. மருத்துவர்கள் அவரைக் காப்பாற்றத் தங்களால் ஆனதைச் செய்தார்கள் என்று கூடப் பயணம் செய்த மருத்துவரே பிறகு சொல்லியிருக்கிறார். நடந்த அநியாயமே போதுமான அளவு இருக்கிறது, அதன்மேல் கற்பனையைச் சேர்க்க வேண்டியதில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். 1952இல் பம்பாயில் ஒய்.எம். பெண்டே என்ற மருத்துவரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் விசித்திரமான ஒரு ரத்த வகையைக் கண்டார்கள்; அதற்குப் பம்பாய் வகை என்றே பெயர். ஏ, பி சர்க்கரைகள் ஒட்டுவதற்கு அடிப்படையாக உள்ள சங்கிலியே அதில் முழுமையாக இல்லை. சாதாரணப் பரிசோதனையில் இது ஓ வகைபோலவே தெரியும். ஆனால் ஓ வகை ரத்தத்தை ஏற்றினால் உயிருக்கு ஆபத்து. பம்பாய் வகையினருக்குப் பம்பாய் வகைதான் சேரும். இந்தியாவில் ஏறக்குறைய 10,000 பேரில் ஒருவருக்குத்தான் இது இருக்கும். அப்படி ஒருவருக்கு அறுவை சிகிச்சை என்றால் ஊர் ஊராகத் தேடுவார்கள். சொந்தச் சாதிக்காரர்கள் நூறு பேர் வாசலில் நின்றாலும் பயன் இல்லாமல் போகலாம். பொருந்துகிற ரத்தம் வேறு மொழி பேசுகிற, வேறு கடவுளைக் கும்பிடுகிற, முன்பின் தெரியாத ஒருவருடைய உடலில் ஓடிக்கொண்டிருக்கலாம்.

ரத்தம் மட்டும்தானா இப்படி? 1972இல் ரிச்சர்ட் லெவன்டின் என்ற அமெரிக்க மரபியலாளர், உலகின் பல மக்களிடம் காணப்படும் மரபு வேறுபாடுகளைக் கூட்டிக் கணக்குப் பார்த்தார். மொத்த வேறுபாட்டில் சுமார் 85 சதவீதம் ஒரே மக்கள் கூட்டத்துக்குள்ளேயே இருந்தது. நாம் இனம் என்று பிரித்துப் பேசுவதற்கு மிஞ்சியது சுமார் 6 சதவீதம். பின்னாளில் மரபணுத் தொகுப்பு முழுவதையும் படிக்க முடிந்தபோது, அதில் உள்ள ஏறக்குறைய 300 கோடி எழுத்துகளில் எந்த இரண்டு மனிதர்களுக்கும் 99.9 சதவீதம் ஒத்துப்போவது தெரிந்தது.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். 'நாம் எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரி, அதனால் சமம்' என்று முடித்துவிடலாமா? எனக்கு அதில் சம்மதம் இல்லை. மீதி 0.1 சதவீதம் என்பதே 30 லட்சம் எழுத்துகள். அதில் உண்மையான வேறுபாடுகள் இருக்கின்றன. ஒருவருக்குக் கண் தெரியாமல் போகலாம், ஒருவருக்குக் கணக்கு சட்டென்று வரலாம். நாளைக்கு ஆய்வகத்தில் புதிதாக ஒரு வேறுபாட்டைக் கண்டுபிடித்தால், அன்றோடு யாருடைய உரிமையாவது குறைந்துவிடுமா?

அம்பேத்கர் இந்த இடத்தை நன்றாகப் பிடித்தார். 1936இல் லாகூரில் நடக்கவிருந்த ஒரு மாநாட்டுக்காக உரை எழுதினார். அமைப்பாளர்கள் அதன் கருத்துகளைக் கண்டு அஞ்சி மாநாட்டையே ரத்துசெய்ய, அவர் அதைத் தானே அச்சிட்டு வெளியிட்டார். அதில் அவர், மனிதர்கள் எல்லா வகையிலும் ஒன்றுபோல இருக்கிறார்கள் என்று வாதாடவில்லை. உடல்வாகு, பெற்றோரின் கவனிப்பும் கல்வியும், சொந்த முயற்சி ஆகிய மூன்றிலும் வேறுபாடு இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறார். அதனாலேயே மனிதர்களைச் சமமில்லாமல் நடத்தலாமா என்றுதான் கேட்கிறார். பிறப்பும் பணமும் கொடுத்த முன்னிலையை வைத்து ஒருவரைத் தேர்ந்தெடுத்தால், நாம் தேர்ந்தெடுப்பது திறமையை அல்ல, வசதியைத்தான் என்பது அவர் வாதம். ஓட்டப்பந்தயத்தில் ஒருவரைப் பாதித் தூரத்தில் நிறுத்திவிட்டு விசில் ஊதினால், யார் வேகமானவர் என்பது கடைசிவரை தெரியாதல்லவா?

முன்னிலை எவ்வளவு பெரிய வேலை செய்யும் என்பதற்கு உயரமே சாட்சி. உயரம் பெருமளவு பெற்றோர் வழி வருவது. 12,000க்கும் மேற்பட்ட மரபு வேறுபாடுகளுக்கு அதில் பங்கு இருப்பது தெரிந்திருக்கிறது. அப்படியானால் அது மாறாத ஒன்று என்றுதானே நினைப்போம்? 200 நாடுகளின் உயரக் கணக்கை ஒப்பிட்டு 2016இல் ஓர் ஆய்வு வந்தது. 1896இல் பிறந்த தென்கொரியப் பெண்களைவிட 1996இல் பிறந்த தென்கொரியப் பெண்களின் சராசரி உயரம் சுமார் 20 செ.மீ. கூடியிருந்தது. நூறு ஆண்டுகளில், அதாவது நாலைந்து தலைமுறைகளில், ஒரு நாட்டு மக்களின் மரபணு அவ்வளவு மாறாது. மாறியது தட்டில் இருந்த உணவு, குடித்த தண்ணீர், சிறு வயதில் வந்து போன நோய்கள். 1896இல் பிறந்த ஒரு பெண்ணிடம் போய், 'நீங்கள் இயற்கையிலேயே குள்ளம்' என்று சொல்லியிருந்தால் அவரும் நம்பியிருப்பார். தமிழ்நாட்டில் பள்ளியில் சோறு போட வேண்டும் என்று 1950களில் காமராசர் ஆட்சியிலும், 1982இல் சத்துணவாகவும், 2022இல் காலை உணவாகவும் திட்டங்கள் வந்தது சும்மா இல்லை.

உங்கள் வீட்டிலும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். பாட்டி, அம்மா, அக்கா அல்லது தாத்தா, அப்பா, அண்ணன் ஆகியோரின் உயரத்தைச் சுவரில் குறித்து வையுங்கள். ஒவ்வொருவரும் உங்கள் வயதில் என்ன சாப்பிட்டார்கள், ஒரு நாளைக்கு எத்தனை வேளை, பால், முட்டை, பருப்பு எல்லாம் கிடைத்ததா, எந்த வகுப்பு வரை படித்தார்கள் என்று கேட்டுப் பக்கத்தில் எழுதுங்கள். வயதாகும்போது முதுகெலும்புகளுக்கு நடுவில் உள்ள தட்டுகள் தேய்ந்து உயரம் சில சென்டிமீட்டர் குறையும். அதனால் தாத்தா பாட்டிக்கு மட்டும், இளவயதில் எவ்வளவு உயரம் இருந்தார்கள் என்றும் விசாரித்து, அந்த அளவையே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.