வீட்டுக்குள் வரும் விஷஜந்துக்கள்

இடம்பெயர்ந்த குடும்பமொன்று புதிய இடத்தில் முதலிற் கட்டுவது ஒரு கொட்டில். நான்கு கம்பு, ஒரு தறப்பாள் அல்லது சில கிடுகு, நிலத்தில் ஒரு பாய். வெயிலும் மழையும் ஓரளவு தடைப்படும். ஆனால் ஊர்ந்து திரியும் ஜந்துக்களுக்கு அந்த வீட்டிலே தடை எதுவும் இல்லை. சொந்தக் காணிக்குத் திரும்பியோரின் நிலையும் இதுதான். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழுந்த குடும்பங்களுக்கு 2009 க்குப் பின்னர் காணிகள் கட்டங்கட்டமாக விடப்பட்டபோது, பலர் கண்டது பற்றையும் இடிந்த சுவரும் கற்குவியலுமே. ஆளில்லாத காலத்தில் அங்கே குடியேறியவை தேளும் மட்டத்தேளும் பாம்பும்.

இவற்றை முற்றாக ஒழிக்க முடியாது. ஒழிக்க வேண்டியதும் இல்லை. எங்கள் பிள்ளைகள் படுக்கும் இடத்துக்கு அவை வராமற் பார்த்துக்கொண்டால் போதும். அதற்கு அவற்றின் பழக்கங்களை நாம் அறிந்திருக்க வேண்டும்.

எது ஆபத்தானது?

கறுத்து, பெரிய தடித்த கொடுக்குகளுடன் இருக்கும் தேளைக் கண்டால் எல்லோருக்கும் நடுக்கம். சில ஊர்களில் இதனை நட்டுவக்காலி என்பர். இது கொட்டினால் நோவு கடுமை. ஆனால் உயிராபத்து மிக அரிது. அஞ்ச வேண்டியது சிறிய செந்தேளுக்கே. செம்மஞ்சள் அல்லது செம்பழுப்பு நிறம், மெல்லிய கொடுக்கு, தடித்த வால் என்பன அதன் அடையாளங்கள். இந்தியாவிற் பரவலாக உள்ள இந்த இனம் எமது யாழ். குடாநாட்டிலும் இருப்பது உறுதிசெய்யப்பட்டுள்ளது. விறகு, ஓலை, பழைய தளபாடங்கள் ஏற்றிச் செல்லும்போது சாமான்களோடு தேளும் இடம்பெயரும் என்பதை மறக்கலாகாது.

மட்டத்தேள் (பூரான்) தேள் இனமன்று. அதற்கு வாலிலே கொடுக்கு இல்லை. தலைக்குக் கீழுள்ள முதற் சோடிக் கால்களே நச்சுப் பற்களாக மாறியுள்ளன. கடித்த இடம் நெருப்புப் பட்டதுபோல எரிந்து வீங்கும். பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும். மரவட்டை கடிப்பதே இல்லை. நசித்தால் அதன் சாறு தோலைக் கறையாக்கி எரிக்கும். கண்ணிற் பட்டால் தீங்கு. உக்கிய இலைகளைத் தின்று மண்ணுக்கு உரமாக்கும் அந்தப் பிராணியைத் தடியால் ஒதுக்கிவிட்டாற் போதும்.

ஏன் வருகின்றன?

தேள் பகலில் வெடிப்பு, கல், மரப்பட்டை, ஓலை அடுக்கு என்பவற்றில் ஒளிந்திருந்து இரவிலே இரைதேடும். கரப்பான், சில்லூறு, கறையான் என்பன அதன் உணவு. ஆகவே கரப்பான் பெருகிய வீட்டுக்குத் தேளும் வரும். உணவின்றியும் அது பல மாதங்கள் உயிர்வாழக் கூடியது. மட்டத்தேளின் உடலோ விரைவிற் காய்ந்துவிடும். அதனால் அது ஈரம் தேடி வரும்: தண்ணீர்க் குடத்தின் அடி, குளிக்குமிடம், ஈரச் சாக்கு. பெருமழையில் பொந்துகள் நிரம்பும்போது எல்லா ஜந்துக்களும் மேடு தேடும். எங்கள் திண்ணையே அவற்றுக்கு மேடாகிறது.

செய்ய வேண்டியவை

1. கொட்டிலைச் சுற்றி ஒரு பாகம் அகலத்துக்காவது புல், சருகு, கல் இல்லாமற் செருக்கி, நாள்தோறும் கூட்டி வையுங்கள்.

2. விறகு, பொச்சு, ஓடு, கிடுகு ஆகியவற்றைச் சுவரோடு சாத்தாமல் தூரத்தில், நிலத்திலிருந்து ஓரடி உயரத்திற் பரண் கட்டி அடுக்குங்கள். விறகு எடுக்கும்போது முதலிலே தடியால் தட்டுங்கள்.

3. மண்சுவர் வெடிப்புகளைக் களிமண்ணும் சாணமும் குழைத்து மெழுகுங்கள். தறப்பாளின் ஓரத்தை வெளியே விரித்துவிடாமல் உள்ளே மடித்து மண்ணணைத்து இறுக்குங்கள்.

4. உடுப்பு, பாய், சப்பாத்து என்பவற்றை உதறாமற் பாவிக்க வேண்டாம். இதைப் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே பழக்க வேண்டும்.

5. இயலுமாயின் நிலத்தைவிட்டு உயரப் படுங்கள். நான்கு கவர்க்கம்பும் வரிச்சுத்தடியும் இருந்தால் ஒரு படுக்கை அமைக்கலாம். அதனைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். ஒவ்வொரு காலையும் அழுத்தமான கண்ணாடிப் போத்தலுள் நிறுத்தினால் தேளால் ஏற முடியாது. நிலத்திற் படுப்பதாயினும் நுளம்பு வலையைக் கட்டி, அதன் விளிம்பைப் பாயின் கீழே சுற்றிவரச் செருகுங்கள். வலை நுளம்பை மட்டுமன்றித் தேளையும் பாம்பையும் தடுக்கும்.

6. கோழிகள் பகலிற் சருகைக் கிளறித் தேளையும் மட்டத்தேளையும் தின்னும். முட்டைக்கு வளர்க்கும் கோழி இந்த வேலையையும் செய்யும்.

7. புறஊதா ஒளி பட்டால் தேளின் உடல் இருட்டில் நீலப்பச்சையாக ஒளிரும். காசுத்தாளைப் பரிசோதிக்கும் சிறிய ரோச் லைற் இதற்குப் போதும். கிராமச் சங்கம் ஒன்றை வாங்கினால், இரவில் வீடு வீடாகத் தேடலாம். இடுக்கியாலோ நீண்ட தடியாலோ மட்டும் கையாளுங்கள்.

செய்யக் கூடாதவை

தோட்டத்துக்கு அடிக்கும் கிருமிநாசினியை வீட்டுக்குள் தெளிக்க வேண்டாம். வெடிப்பின் ஆழத்திலுள்ள தேளை அது சேராது. பாயிற் படுக்கும் குழந்தையைச் சேரும். பொந்துகளில் மண்ணெண்ணெய் ஊற்றவும் வேண்டாம். குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்தில் ஊற்றியது கிணற்றுக்கு இறங்க அதிக நேரம் செல்லாது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறோம். கண்ணிவெடி அகற்றப்பட்டதாக உறுதிசெய்யப்படாத காணியிற் பற்றைக்குத் தீ வைப்பதோ கற்குவியலைப் புரட்டுவதோ கூடாது. தேளுக்குப் பயந்து வெடிபொருளிடம் போய் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

கொட்டினால்

கடிவாயைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, குளிர்ந்த ஈரத்துணியை வையுங்கள். மோதிரம், காப்பு இருந்தால் வீங்குமுன் கழற்றுங்கள். நோவுக்கு வயதுக்கேற்ற அளவிற் பரசிற்றமோல் கொடுக்கலாம். கீறுதல், உறிஞ்சுதல், கயிற்றால் இறுகக் கட்டுதல், சுடுதல் ஆகியன தீமையே தரும்.

கொட்டப்பட்டவருக்கு உடல் முழுவதும் வியர்த்தல், வாந்தி, வாயில் நீரூறுதல், கைகால் குளிர்தல், நெஞ்சு படபடத்தல், மூச்சுத் திணறல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் தாமதியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். சிறு பிள்ளையாயின் அறிகுறிக்குக் காத்திராதீர்கள். செந்தேளின் நஞ்சு உடலின் நரம்புகளைத் தூண்டி இரத்த அழுத்தத்தை ஏற்றி, இருதயத்தைக் களைக்கச் செய்து, நுரையீரலில் நீர் கட்ட வைக்கும். 1980களில் மகாராஷ்டிரத்தின் மகாட் பகுதியிற் பணியாற்றிய கிராமத்து வைத்தியர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர், இரத்த அழுத்தத்துக்குப் பாவிக்கும் பிரசோசின் என்ற மலிவான மாத்திரையால் இத்தகையோரைக் காப்பாற்றலாம் என்று காட்டினார். அதன்பின் அங்கு மரணங்கள் பெருமளவு குறைந்தன. ஆனால் இது வைத்தியரின் கண்காணிப்பில் மட்டுமே கொடுக்கப்படவேண்டிய மருந்து.

இரவில் ஏதோ கடித்தால்

எல்லாவற்றிலும் ஆபத்தானது, கடித்ததே தெரியாத கடி. எட்டடி விரியன் இரவில் வந்து நிலத்திற் படுப்போரைக் கடிக்கும். நோவு மிகக் குறைவு. பல்லடையாளமும் தெரியாமற் போகலாம். “பூச்சி ஏதோ கடித்தது” என்று திரும்பிப் படுத்துவிடுவார்கள். பின்பு வயிற்றுவலி, வாந்தி வரும், கண்ணிமை சோரும், விழுங்கவும் மூச்செடுக்கவும் கஷ்டப்படும். நிலத்திற் படுத்தெழும்பிய ஒருவர் விடியற்புறத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் திறக்க முடியாதிருந்தால், அதை வாய்வு என்று எண்ணி இஞ்சித் தண்ணீர் கொடுத்துக்கொண்டிராதீர்கள். அவரை நடக்கவிடாமல், இடது பக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து, உடனே கொண்டுசெல்லுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச நோயாளர் காவுவண்டி வரும். அரச வைத்தியசாலையில் நஞ்சுமுறிப்பு மருந்துக்குப் பணமில்லை.

பார்வை பார்ப்பது பற்றி

எங்கள் ஊர்களிற் தேள் கொட்டினால் மந்திரிப்பதும் விஷக்கல் வைப்பதும் வழக்கம். அதனால் நோவு தணிந்ததைக் கண்டோரும் உண்டு. ஆயினும் பெரும்பாலான கொட்டுக்கள் எதுவும் செய்யாவிட்டாலும் சில மணி நேரத்தில் தணிந்துவிடும். தணிந்த பெருமை மந்திரத்துக்குச் சேர்கிறது. தணியாத ஒன்றிலோ பொன்னான நேரம் போய்விடுகிறது. பரிகாரியாரை நாம் இகழவில்லை. அவரும் ஊரவரே. முதலில் அவரே “ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ” என்று சொல்லும்படி கிராமச் சங்கம் அவரோடு பேசி வைத்துக்கொள்வது நல்லது.

ஒன்றுசேர்ந்தே செய்வோம்

ஒருவர் தன் கொட்டிலைச் சுற்றி மட்டும் துப்புரவாக்கினால், அயற்காணிப் பற்றையிலிருந்து மறுபடி வரும். மாரி தொடங்குமுன், புரட்டாதியில் ஒரு நாளை ஒதுக்கி வரிசை முழுவதையும் சிரமதானமாகத் துப்புரவு செய்யுங்கள். ஆண்துணையற்ற வீட்டையும் வயோதிபர் தனித்திருக்கும் வீட்டையும் முதலிற் செய்யுங்கள். வைத்தியசாலைக்கு ஓடக்கூடிய வாகனம் யாரிடம் உண்டு என்பதையும் அன்றே பேசித் தீருங்கள்.

லூக்கா நற்செய்தியிலே ஆண்டவர் தந்தையின் அன்பை விளக்கத் தேளையும் முட்டையையும் எடுத்துக்காட்டினார். கேட்டவர்களும் எங்களைப் போலத் தேளோடு வாழ்ந்த ஏழைகள், உடனே விளங்கிக்கொண்டிருப்பார்கள். பிள்ளையின் பாயை உதறி விரிப்பதும், வலையைச் செருகுவதும் அந்த அன்பின் வேலைகளே. இன்றிரவே தொடங்கலாம்.