வலிக்கு ஒரு பிரேக்!

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் தென்காசிக்காரனுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. போன சீஸனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுளுக்கிய கழுத்தோடு ஐந்தருவிக்குக் கிளம்பினேன்.

வழியில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது 'டமார்!' ஒரு வேன், குறுக்கே வந்த நாயைத் தட்டிவிட்டு நிற்காமல் போய்விட்டது. நாய் ஒரே ஒரு தடவை 'வீல்' என்றது. எழுந்தது. மூணு காலில் ஓடி வந்து டீக்கடை பெஞ்சுக்கு அடியில் சுருண்டுகொண்டது. அப்புறம் சத்தமே இல்லை.

"அதுக்கு ஒண்ணும் ஆகல அண்ணாச்சி! வலிச்சா கத்தாதா?" என்றார் கடைக்காரர். நியாயமாகத்தான் பட்டது. நான் குளிக்கப் போய்விட்டேன்.

அருவி தோளில் 'தொம் தொம்' என்று மொத்தியதில் கழுத்து வலி போன இடம் தெரியவில்லை. தலையைத் துவட்டிக்கொண்டே திரும்பினால், பெஞ்சுக்கு அடியில் ஒரே அழுகை. கிட்டே போனால் பல்லைக் காட்டுகிறது. கால் வீங்கிக் கிடந்தது. எனக்கு 'சுருக்'கென்றது.

கடைக்காரர் தலைவலி மாத்திரையைப் பாலில் கரைக்கப் போனார். "வேண்டாம்" என்று தடுத்து, நாயின் வாயைத் துண்டால் கட்டி, சாக்கில் வைத்து ஆட்டோவில் ஏற்றித் தென்காசிக்குக் கொண்டுபோனோம். டாக்டரின் முதல் கேள்வியே, "மனுஷ மாத்திரை எதுவும் குடுக்கலியே? நாய், பூனைக்கு அது விஷமாவே போயிடலாம்!"

"இவ்வளவு நேரம் சும்மாதானே இருந்துச்சு டாக்டர்?"

"வலி இல்லாம இல்ல சார். மூளை பிடிச்சு வெச்சிருந்துச்சு!"

அதற்குப் பிறகுதான் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். நடுமூளையில் சாம்பல் நிறத்தில் ஒரு பகுதி இருக்கிறது. 1969-ல் டேவிட் ரெனால்ட்ஸ் என்ற விஞ்ஞானி எலியின் மூளையில் அந்த இடத்தில் லேசாக மின்சாரம் செலுத்தி, மயக்க மருந்தே இல்லாமல் வயிற்றில் ஆபரேஷன் செய்தார். எலி துடிக்கவில்லை! அங்கிருந்து கிளம்பும் உத்தரவு, மூளைத்தண்டு வழியாகத் தண்டுவடத்துக்கு இறங்குகிறது. செரோடோனின், நார்அட்ரினலின் என்ற ரசாயனங்கள் அங்கே வலிச் செய்தியை மேலே போகவிடாமல் அமுக்குகின்றன. மாட்டு டாக்டர்கள் போடும் சைலசின் ஊசி, நார்அட்ரினலின் உட்காரும் அதே நாற்காலிகள் சிலவற்றில் உட்கார்ந்துதான் வேலை செய்கிறது.

உடம்பே அபின் மாதிரி ஒன்றைத் தயாரிக்கிறது என்பதும் தெரியவந்தது. 1975-ல் ஸ்காட்லாந்தில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸும் பன்றியின் மூளையிலிருந்து என்கெஃபலினைப் பிரித்தெடுத்தார்கள். குதிரையின் மேல் உதட்டைக் கயிற்றால் முறுக்கிப் பிடித்தால் அது சாதுவாக நிற்கும் அல்லவா? அப்போது அதன் ரத்தத்தில் எண்டார்ஃபின் ஏறுவதை 1984-ல் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள்.

என் கழுத்துக் கதை வேறு. தண்டுவடத்தில் ஒரு 'கதவு' உண்டு, தொடுதலும் அழுத்தமும் அதை மூடும் என்று 1965-ல் மெல்சாக், வால் இருவரும் சொன்னார்கள். இடித்துக்கொண்ட முழங்காலைத் தேய்த்துக்கொள்கிறோமே, அந்த மாதிரிதான் அருவியும் மொத்தியிருக்க வேண்டும்!

அடிபட்ட மிருகம் அங்கேயே நின்று அழுதால் எதிரிக்கு இரையாகிவிடும். அதனால் மூளை 'முதலில் ஓடு!' என்று பிரேக் போடுகிறது. பத்திரமான இடம் சேர்ந்ததும் பிரேக் தளர்கிறது. அதே பாதையில் வலியைக் கூட்டுகிற ஆக்ஸிலரேட்டரும் உண்டு. பி.காம். படித்த எனக்குச் சட்டென்று புரிந்தது: இது கடன் தள்ளுபடி இல்லை, வெறும் தவணை!

டாக்டர் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஆடு மாடுகளும் வலியைக் காட்டிக்கொள்ளாது. அசை போடுவதை நிறுத்தினாலோ, பல்லைக் கடித்தாலோ, மந்தையை விட்டு ஒதுங்கித் தலையைத் தொங்கப் போட்டாலோ காத்திருக்கக் கூடாது.

எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டார்கள். நாய் இப்போது லேசாக நொண்டுகிறது, அவ்வளவுதான். அதே பெஞ்சுதான் அதன் வீடு. சமீபத்தில் போனபோது கடைக்காரர் டீயை நீட்டிக்கொண்டே சொன்னார்: "இப்பல்லாம் கத்துத நாயைக்கூட அப்புறம் பாக்கேன் அண்ணாச்சி. அடிபட்டுட்டுச் சத்தமில்லாம கிடந்தாத்தான் முதல்ல குனிஞ்சு பாக்கேன்!"