பந்தயக் காரும் எங்கள் பெண்பிள்ளைகளும்

2005ஆம் ஆண்டு மார்ச் மாதம் 6ஆம் திகதி அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில் போர்மியூலா 1 காரோட்டப் பந்தயம் நடைபெற்றது. அதில் மஞ்சள் நிற ஜோர்டான் காரை ஓட்டியவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த தமிழரான நரேன் கார்த்திகேயன். அப்போது அவருக்கு 28 வயது. போர்மியூலா 1 பந்தயம் ஒன்றில் ஓடிய முதலாவது இந்தியர் அவர்தான். 12ஆவது இடத்திலிருந்து புறப்பட்டு 15ஆவதாக ஓடி முடித்தார். வெற்றி பெறவில்லை. ஆனாலும் தமிழ் பேசும் ஒருவர் அந்த இடத்தை எட்டியதை நாங்கள் பத்திரிகையில் பார்த்து மகிழ்ந்தோம்.

பெண்களுக்கான சஞ்சிகையில் காரோட்டத்துக்கு என்ன வேலை என்று சகோதரிகள் கேட்கலாம். அடுப்படிக்கும் தையல் இயந்திரத்துக்கும் இடையில் ஓடிக்கொண்டிருக்கும் எமக்கு எதற்கு இந்தக் கதை? எங்கள் பிள்ளைகள் இப்போது பெரிய பெரிய ஆசைகளைச் சொல்கிறார்கள். அவற்றைக் கேட்டுச் சிரிப்பதா, ஏசுவதா, இல்லை இருந்து யோசிப்பதா என்று தாய்மார் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பதின்மூன்று ஆண்டு ஏற்றம்

நரேன் ஒரே நாளில் மெல்பேர்ணுக்குப் போய்விடவில்லை. அவருடைய தந்தையாரும் கார்ப் பந்தய வீரர். ஆகவே சிறு வயதிலேயே வாகனங்களோடு பழகினார். தமிழ்நாட்டில் ஸ்ரீபெரும்புதூர் ஓடுபாதையில், மாருதி இயந்திரம் பூட்டிய சிறிய பந்தயக் காரில்தான் அவருடைய முதற் போட்டி நடந்தது. 1992இல் பிரான்சிலுள்ள ஒரு பந்தயப் பயிற்சிப் பள்ளிக்குப் போனார். அப்போது அவருக்கு 15 வயது. 1993இல் இங்கிலாந்தில் ஓடத் தொடங்கினார். 1994இல் அங்கு போர்மியூலா போர்ட் குளிர்காலத் தொடரை வென்றார். 1996இல் ஆசியத் தொடரில் வெற்றி. 1998 முதல் 2000 வரை பிரித்தானிய போர்மியூலா 3. 2001இல் ஜாகுவார் அணியின் போர்மியூலா 1 காரை முதன்முதலாகப் பரீட்சார்த்தமாக ஓட்டிப் பார்த்தார்.

பிறகும் நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2004ஆம் ஆண்டுக்கு மினார்டி என்னும் அணியில் இடம் கொடுக்க முன்வந்தார்கள். அதற்கு வேண்டிய அனுசரணைப் பணத்தைத் திரட்ட முடியாமல் அந்த வாய்ப்பு கைநழுவிப் போனது. திறமை இருந்தது; பணம் போதவில்லை. அடுத்த ஆண்டுதான் ஜோர்டான் கதவு திறந்தது. 1992 முதல் 2005 வரை எண்ணிப் பார்த்தால் 13 ஆண்டுகள்.

உச்சிக்குப் போனவர் அங்கேயே இருந்துவிடவும் இல்லை. 2005 யூன் 19ஆம் திகதி அமெரிக்காவில் நடந்த பந்தயத்தில் மிச்சலின் ரயர்களில் பாதுகாப்புச் சிக்கல் ஏற்பட்டு, 14 கார்கள் ஓடாமல் விலகின. எஞ்சிய ஆறு கார்களில் நரேன் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். போர்மியூலா 1இல் இந்தியர் ஒருவர் பெற்ற முதற் புள்ளிகள் அவைதான். ஆனால் அந்த ஆண்டோடு அவருடைய ஆசனம் போய்விட்டது. பின்னர் வில்லியம்ஸ் அணியில் பரீட்சார்த்த ஓட்டுநராக இருந்தார். 2011இலும் 2012இலும் திரும்பவும் போர்மியூலா 1இல் ஓடினார். அதன்பின் யப்பானுக்குப் போனார். 2019 நவம்பரில், 42 வயதில், புஜி ஓடுபாதையில் நடந்த பெரிய பந்தயம் ஒன்றை வென்றார். உச்சியிலிருந்து இறங்க நேர்ந்தாலும் அவர் ஓடுவதை நிறுத்தவில்லை.

உடலும் பணமும்

காரில் இருந்துகொண்டு ஓட்டுவதில் என்ன கஷ்டம் என்று நினைப்போம். ஒரு போர்மியூலா 1 பந்தயத்தின் தூரம் 305 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாவுக்குப் போய்த் திரும்பி வருவதைவிடக் கொஞ்சம் கூட. அதை ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலத்தில் ஓடி முடிக்கிறார்கள். வளைவுகளில் திரும்பும்போது தலையும் தலைக்கவசமும் ஐந்து மடங்கு பாரமாகிக் கழுத்தை இழுக்கும். அதாவது 30 கிலோவுக்கு மேற்பட்ட சுமை. வெயில் நாட்டுப் பந்தயங்களில் வியர்வையிலேயே இரண்டு மூன்று கிலோ உடல் எடை குறைந்துவிடும். இதற்காக நாள்தோறும் உடற்பயிற்சி செய்கிறார்கள்.

உயிராபத்தும் உண்டு. 1994இல் உலகப் புகழ்பெற்ற அயர்ட்டன் சென்னா பந்தயத்திலேயே உயிரிழந்தார். அதன்பின் பாதுகாப்பு விதிகள் மிகவும் இறுக்கப்பட்டன. 2018 முதல் ஓட்டுநரின் தலைக்கு மேலே வளையம் போன்ற உலோகக் காப்பு பொருத்தப்படுகிறது. எங்கள் நாட்டில் 2024 ஏப்ரலில் தியத்தலாவையில் நடந்த பந்தயத்தில் கார் ஒன்று பார்வையாளர்கள் மேல் பாய்ந்து ஏழு பேர் இறந்தார்கள். ஆகவே தாய்மார் பயப்படுவது வீண் பயம் அல்ல.

படிகளைப் பாருங்கள். ஏழெட்டு வயதில் கார்ட் எனப்படும் சிறு வண்டி. 15 வயதில் போர்மியூலா 4. பின்னர் 3, பின்னர் 2. பொதுவாக 18 வயது வந்து, கீழ்ப் போட்டிகளில் 40 புள்ளிகளும் சேர்ந்தால்தான் போர்மியூலா 1 சாரதி அனுமதிப்பத்திரம் கிடைக்கும். ஒவ்வொரு படிக்கும் பெருந்தொகைப் பணம் வேண்டும். உச்சியில் 2025 வரை 20 ஆசனங்கள்தான் இருந்தன. 2026இல் புதிதாக ஓர் அணி சேர்ந்ததால் 22 ஆயிற்று. முழு உலகத்துக்கும் அவ்வளவுதான்.

எங்கள் வீதியின் கதை

நரேன் இங்கிலாந்தில் ஓடத் தொடங்கிய 1993இல் நான் நல்லூரில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தேன். பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லை. பழைய மொரிஸ் மைனர், ஒஸ்ரின் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சிறு போத்தலிலிருந்து கொஞ்சம் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தை இயக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். முத்திரைச் சந்தியில் ஒரு மோட்டார் சைக்கிள் போனால் பின்னால் வருபவருக்குக் கண் எரியும். அந்த வித்தையைக் கண்டுபிடித்தவர்கள் எங்கள் கராஜ்காரர்கள். எந்தப் பல்கலைக்கழகமும் அவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு எல்லோரும் தென்மராட்சிக்குப் புறப்பட்டபோது, அம்மாவைக் கரியரில் இருத்தி, கைபிடியில் இரண்டு பைகளைக் கொழுவி, செம்மணி வீதி வழியே சைக்கிளை உருட்டிக்கொண்டு போனேன். அன்று வேகம் இருக்கவில்லை. விழாமல் போவதுதான் திறமையாக இருந்தது. பின்னாளில் வன்னியில் எத்தனையோ பெண்கள் உழவு இயந்திரமும் பார ஊர்தியும் ஓட்டினார்கள். யுத்தம் முடிந்த பிறகு கணவரை இழந்த சகோதரிகள் மோட்டார் சைக்கிள் பழகினார்கள். சிலர் முச்சக்கர வண்டி ஓட்டிப் பிள்ளைகளைப் படிப்பித்தார்கள். வாகனம் ஆண்களுக்குரியது என்ற கதையை எங்கள் மண்ணில் பெண்கள் எப்போதோ முடித்துவிட்டார்கள்.

அந்தக் கதவில் பெண்கள்

என் தங்கையின் மகள் 2009இல் பிறந்தவள். தகப்பனின் முகத்தைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருந்த நாட்களில் கைத்தொலைபேசியில் காரோட்டம் பார்க்கப் பழகிக்கொண்டாள். ஒருநாள் என்னிடம் கேட்டாள்: “பெரியம்மா, பொம்பிளைப் பிள்ளையள் போர்மியூலா வன் ஓடேலாதோ?”

ஓடியிருக்கிறார்கள் என்று சொன்னேன். 1958இல் இத்தாலியைச் சேர்ந்த மரியா தெரேசா டி பிலிப்பிஸ் முதன்முதலில் ஓடினார். அதே நாட்டு லெல்லா லொம்பார்டி ஓர் இறைச்சிக் கடைக்காரரின் மகள். கடைச் சாமான் விநியோகிக்கும் வாகனத்தை ஓட்டி ஓட்டித்தான் அவருடைய கை பழகியது. 1975 ஏப்ரல் 27ஆம் திகதி ஸ்பெயின் பந்தயத்தில் ஆறாவதாக வந்தார். விபத்தினால் பந்தயம் இடையில் நிறுத்தப்பட்டதால் அரைப் புள்ளிதான் கிடைத்தது. போர்மியூலா 1இல் ஒரு பெண் பெற்ற புள்ளி இன்றுவரை அந்த அரைப் புள்ளி மட்டுமே. 1976க்குப் பிறகு எந்தப் பெண்ணும் அந்தப் பந்தயத்தில் ஓடவில்லை.

பெண்ணுக்குப் பலம் இல்லாததுதான் காரணம் என்பதை நான் நம்பமாட்டேன். ஏழு வயதில் கார்ட் வண்டியில் இருத்தப்படும் பெண்பிள்ளைகள் மிகக் குறைவு. பணம் போட முன்வருபவர்கள் அதைவிடக் குறைவு. 2019இல் பெண்களுக்கென்றே தொடங்கப்பட்ட டபிள்யூ சீரிஸ் என்னும் தொடர் 2022இல் பண நெருக்கடியால் நின்றுபோனது. அதில் மூன்று முறை வென்ற ஜேமி சாட்விக்குக்கும் போர்மியூலா 1இல் ஆசனம் கிடைக்கவில்லை. 2023 முதல் எவ் 1 அக்கடமி என்ற தொடர் நடக்கிறது. முதலாண்டில் ஒவ்வொரு காருக்கும் 150,000 யூரோவைப் போர்மியூலா 1 நிறுவனமே கொடுத்தது. ஓட்டுநரும் அதேயளவு தொகை கொண்டுவர வேண்டியிருந்தது.

சென்னையில் அலிஷா அப்துல்லா சிறு வயதில் கார்ட் வண்டியில் தொடங்கி, பின்பு மோட்டார் சைக்கிளிலும் காரிலும் ஆண்களோடு போட்டியிட்டார். அவருக்குப் பின்னால் பந்தய வீரரான தந்தை இருந்தார். நரேனுக்கும் அப்படித்தான். 2010இல் போர்மியூலா 1இல் ஓடிய சென்னை கருண் சந்தோக்கின் வீட்டிலும் தகப்பன், பாட்டன் எல்லோரும் மோட்டார்ப் பந்தயக்காரர்கள். எங்கள் பிள்ளைக்கு அப்படி ஒருவர் இல்லை. இதையும் அவளுக்கு மறைக்காமல் சொன்னேன்.

தங்கை குசினிக்குள் இருந்தபடி, “அக்கா, அவளுக்கு உதுகளைச் சொல்லிக் குடுக்காதேங்கோ. ரீச்சரா வரட்டும், எனக்கு அது காணும்” என்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். இரவிரவாகச் சட்டை தைத்து வளர்த்த பிள்ளை. இன்னொரு இழப்பைத் தாங்க அவளிடம் பலமில்லை. ஆனால் பிள்ளை உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு எடுக்கக் கேட்கிறாள். தாய் கலைப் பிரிவு என்கிறாள். வீட்டில் பிரச்சினை அதுதான், பந்தயம் அல்ல.

காரைச் சுற்றி நிற்பவர்கள்

ஒரு பந்தயக் காருக்குள் ஒருவர்தான் இருக்கிறார். ஆனால் அந்தக் காரை ஓடவைப்பவர்கள் நூற்றுக்கணக்கானோர். ரயர் மாற்ற மட்டும் இருபது பேரளவில் நின்று இரண்டு மூன்று விநாடிகளில் முடிக்கிறார்கள். எப்போது மாற்றுவது என்று கணக்குப் பார்த்துச் சொல்பவர்களில் ரெட் புல் அணியின் ஹன்னா ஷ்மிட்ஸ் புகழ்பெற்றவர். 2025இல் ஹாஸ் அணியில் லோரா முல்லர், ஓர் ஓட்டுநருக்கு முழுப் பொறுப்பான பந்தயப் பொறியியலாளராகச் சேர்ந்த முதற் பெண் ஆனார். போர்மியூலா 1 ஆசனத்துக்குப் போகும் வழி எங்களுக்கு மிகவும் ஒடுக்கமானது. ஆனால் இயந்திரத்துக்குப் போகும் வழி அவ்வளவு ஒடுக்கமில்லை.

கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் வாகனத் தொழில்நுட்பம் படிக்கலாம். யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் அதே அறிவியல்நகரில்தான் இருக்கிறது. இவற்றைத் தங்கைக்கும் சொன்னேன். அவள் பதில் சொல்லவில்லை. ஆனால் அடுத்த நாள் பாடசாலைக்குப் போய் அந்தப் பிரிவைப் பற்றி விசாரித்துவிட்டு வந்தாள்.

சகோதரிகளே, பிள்ளை பெரிய ஆசை ஒன்றைச் சொன்னால் உடனே ஓம் என்றும் சொல்ல வேண்டாம், இல்லை என்றும் சொல்ல வேண்டாம். அதன் படிகள் எவை, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு செல்லும், இடையில் நின்றுபோனால் கையில் என்ன தொழில் மிஞ்சும் என்று பிள்ளையையே எழுதிக் காட்டச் சொல்லுங்கள். வெளிநாட்டுப் பயிற்சி, அனுசரணை என்று ஆசைகாட்டிப் பணம் கேட்பவர்களை நம்பி நகையை அடகு வைக்காதீர்கள். நுண்கடன் எடுக்கவே எடுக்காதீர்கள். அந்தக் கடனால் எத்தனை வீடுகள் நொந்தன என்பது உங்களுக்குத் தெரியும்.

நரேன் கார்த்திகேயன் 15 வயதில் போன பயிற்சிப் பள்ளிக்கும் மெல்பேர்ணுக்கும் இடையில் எத்தனை சிறிய பந்தயங்கள் இருந்தன! அந்தந்த ஆண்டின் பந்தயத்தை ஒழுங்காக ஓடியதால்தான் அடுத்த ஆண்டின் கதவு திறந்தது. எங்கள் பெண்பிள்ளைகளுக்கும் கிட்ட இருக்கும் கதவுகள் சில உண்டு. 18 வயதானதும் சாரதி அனுமதிப்பத்திரம் எடுக்கட்டும். சைக்கிள் பஞ்சர் ஒட்டவும், மோட்டார் சைக்கிள் பிளக்கைக் கழற்றித் துடைக்கவும் பழகட்டும். கையில் கிறீஸ் பட்டால் சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொள்ளலாம்.