உள்ளகச் செங்குத்து வேளாண்மை

உள்ளகச் செங்குத்து வேளாண்மை என்பது மூடிய அறைக்குள், செயற்கை ஒளியில், ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த அடுக்குகளில் பயிர் வளர்க்கும் முறையாகும். சிறிய இடத்தில் கூடுதல் விளைச்சல் எடுப்பது இதன் நோக்கம். மழை, வறட்சி, பருவம் ஆகியவற்றின் தாக்கம் இதில் மிகக் குறைவு. ஆனால் வயலில் இலவசமாகக் கிடைக்கும் சூரிய ஒளிக்குப் பதிலாக இங்கு மின்சாரம் செலவாகிறது. எந்தப் பயிரை இம்முறையில் இலாபகரமாக வளர்க்கலாம் என்பதைப் பெரும்பாலும் இச்செலவே முடிவு செய்கிறது.

வரலாறு

மண் இல்லாமல், உப்புகள் கரைந்த நீரில் செடி வளரும் என்பதை 1860களில் செருமானிய அறிவியலாளர்களான யூலியசு சாக்சு, வில்லெம் நாப் ஆகியோர் ஆய்வகத்தில் காட்டினர். 1930களில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் கெரிக் இதைப் பயிர்த்தொழிலுக்கு ஏற்ற முறையாக முன்வைத்தார். ஹைட்ரோபோனிக்ஸ் என்ற பெயரும் அவரால் பரவியது. 1999இல் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் டிக்சன் டெசுபோமியர் தம் மாணவர்களுடன் சேர்ந்து, நகரக் கட்டடங்களின் மாடிகளில் பயிர் செய்யும் கருத்தை உருவாக்கினார்.

நீல எல்இடி விளக்கின் கண்டுபிடிப்பு இக்கருத்துக்குத் துணை நின்றது. அதற்காக இசாமு அகசாகி, இரோசி அமானோ, சூஜி நகமுரா ஆகியோர் 2014இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். பழைய சோடியம் விளக்குகள் கடும் வெப்பம் வீசுவதால் அவற்றைச் செடிக்கு அருகில் வைக்க முடியாது. எல்இடி விளக்குகளை இலைகளுக்குச் சற்று மேலேயே வைக்கலாம். அதனால்தான் குறைந்த உயரத்தில் பல அடுக்குகள் அமைக்க முடிந்தது.

ஒளி

ஒளிச்சேர்க்கைக்குப் பெரும்பாலும் 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான அலைநீளமுள்ள ஒளி பயன்படுகிறது. இவ்வொளியின் துகள்களை மோல் என்ற அலகில் அளப்பர். லெட்டூஸ் கீரைக்கு ஒரு சதுர மீட்டரில் வினாடிக்கு 250 மைக்ரோமோல் வீதம் 16 மணி நேரம் ஒளி தந்தால், நாளொன்றுக்கு 14.4 மோல் கிடைக்கும்.

நாளில் எத்தனை மணி நேரம் ஒளி கிடைக்கிறது என்பதும் முக்கியம். செடிகள் பூப்பதைப் பகல், இரவு நீளம் கட்டுப்படுத்துகிறது என்பதை அமெரிக்க வேளாண்மைத் துறையின் கார்னர், அல்லார்டு ஆகியோர் 1920இல் வெளியிட்டனர். செவ்வந்தி போன்ற குறும்பகல் செடிகள் இரவு நீளும்போது பூக்கின்றன. உள்ளகத்தில் விளக்கை அணைக்கும் நேரத்தை மாற்றியே இதைக் கட்டுப்படுத்தலாம்.

நீர், ஊட்டம், காற்று

ஊட்டக் கரைசல் வேர்களின் வழியே ஓடித் தொட்டிக்குத் திரும்பி மறுபடியும் பயன்படுவதால் நீர்ச் செலவு குறைகிறது. கரைசலின் அமில காரத்தன்மை பொதுவாக 5.5 முதல் 6.5 வரை பேணப்படுகிறது. இந்த எல்லையைத் தாண்டினால், கரைசலில் சத்து இருந்தும் வேர்களால் அதைச் சரிவர உறிஞ்ச முடியாது.

மூடிய அறையில் இலைகள் வெளிவிடும் நீராவி தேங்கி ஈரப்பதத்தை உயர்த்துகிறது. காற்றோட்டம் இல்லாவிட்டால் லெட்டூஸின் உள் இலைகளுக்குக் கால்சியம் போதிய அளவு சென்று சேராமல் நுனிகள் கருகும். எனவே ஒவ்வோர் அடுக்கிலும் விசிறி தேவைப்படுகிறது. விளக்குகளின் மின்னாற்றலில் பெரும்பகுதி இறுதியில் வெப்பமாகவே மாறுவதால் குளிரூட்டியும் வேண்டும்.

இடத்தைப் பயன்படுத்தும் முறைகள்

சிறிய செடிக்குப் பெரிய செடியின் இடத்தைத் தருவது வீண். ஆகவே நாற்றுகளை நெருக்கமாக வளர்த்து, இலைகள் ஒன்றையொன்று தொடும் நிலையில் இடைவெளி விட்டு நடுவர். இதனால் வெற்றுத் தட்டின்மேல் விழுந்து வீணாகும் ஒளி குறைகிறது. சுவர்களுக்கு ஒளியைத் திருப்பும் வெண்ணிறப் பூச்சு இடுவதும், அறுவடை நாள்தோறும் கிடைக்குமாறு வெவ்வேறு நாள்களில் விதைப்பதும் வழக்கம்.

மின்சாரக் கணக்கு

சிறந்த எல்இடி விளக்கு ஒரு சூல் மின்னாற்றலில் ஏறத்தாழ 3 மைக்ரோமோல் ஒளி தருகிறது. அந்தக் கணக்கில் 14.4 மோலுக்கு 4.8 மெகாசூல், அதாவது 1.33 யூனிட் மின்சாரம் செலவாகும். 30 நாள்களுக்கு ஒரு சதுர மீட்டருக்கு 40 யூனிட். ஐந்து அடுக்குகள் என்றால் 200 யூனிட். குளிரூட்டி, விசிறி, நீரேற்றி ஆகியவற்றின் செலவு இதில் சேராது. அடுக்குகளைக் கூட்டினால் தரைப்பரப்பு மிச்சமாகும். ஆனால் மின்செலவும் அதே அளவில் பெருகும்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து யூமா பகுதியில் லெட்டூஸ் சாகுபடியை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2015இல் வெளியானது. அதன் மதிப்பீட்டின்படி, பசுமைக்குடில் நீர்வழி வளர்ப்பில் விளைச்சல் வயலைவிட ஏறத்தாழ 11 மடங்கு கூடுதல். ஒரு கிலோவுக்கான நீர்த் தேவை 250 லிட்டரிலிருந்து 20 லிட்டராகக் குறைந்தது. ஆனால் ஆற்றல் தேவை ஏறத்தாழ 82 மடங்காக உயர்ந்தது.

ஏற்ற பயிர்கள்

லெட்டூஸில் ஏறத்தாழ 95 விழுக்காடு நீர். ஒரு கிலோ கீரையில் ஒளியால் உருவான உலர்பொருள் ஏறத்தாழ 50 கிராம் மட்டுமே. ஒரு கிலோ அரிசியில் அது 850 கிராமுக்கும் மேல். வைக்கோலும் உமியும் வளரச் செலவாகும் ஒளி தனி. ஆகவே நெல், கோதுமை போன்ற உணவு தானியங்கள் இம்முறைக்குப் பொருந்துவதில்லை. விரைவில் வளரும் கீரைகள், மூலிகைகள், நாற்றுகள் ஆகியவையும், எடைக்கு மிக உயர்ந்த விலை கிடைக்கும் பயிர்களுமே ஏற்றவை. கஞ்சா 2018இல் சட்டப்படி அனுமதிக்கப்பட்ட கனடாவில், உரிமம் பெற்ற நிறுவனங்கள் அதை உள்ளகத்திலும் வளர்ப்பது இத்தகைய விலையால்தான்.

நடைமுறை வரம்புகள்

உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்யும் சிங்கப்பூர், 2030க்குள் தன் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை உள்நாட்டில் விளைவிக்கும் இலக்கை 2019இல் அறிவித்தது. 2025இல் அந்த இலக்கு கைவிடப்பட்டு, 2035க்கான புதிய இலக்குகள் வகுக்கப்பட்டன. அமெரிக்காவில் ஏரோஃபார்ம்ஸ் 2023இல் திவால் பாதுகாப்புக் கோரியது. பவரி ஃபார்மிங் 2024இல் மூடப்பட்டது.

நிலமும் நீரும் அரிதாகி, மின்சாரம் மலிவாக உள்ள இடங்களில் இம்முறைக்குப் பயன் உண்டு. வெயில் நிறைந்த இடங்களில் கீரைக்கு நிழல்வலைக் குடிலும் மாடித்தோட்டமும் குறைந்த செலவில் போதுமானவை.