பண்ணைச் சுற்றுலா: நிலமற்றோரின் பங்கு எங்கே?

உழவையும் சுற்றுலாவையும் இணைத்தால் சிற்றூர்கள் செழிக்கும் என்று அரசுகள் கூறுகின்றன. மகாராட்டிர அரசு 2020இல் இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. நகரத்தாரை வயலுக்கு அழைத்து, அறுவடையில் பங்கேற்கச் செய்து, பண்ணை வீட்டில் உணவும் தங்குமிடமும் அளித்து வருவாய் ஈட்டுவதே பண்ணைச் சுற்றுலா. நாம் கேட்பது ஒன்றுதான்: அந்த வயலும் வீடும் யாருடையவை?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வேளாண்மையில் ஈடுபட்டுள்ள பட்டியல் சாதியினரில் ஏறத்தாழ 71 விழுக்காட்டினர் கூலித் தொழிலாளர்கள். நிலவுடைமையையே தகுதியாகக் கொள்ளும் திட்டத்தில், விருந்தினர் தரும் பணம் உடைமையாளரைச் சேரும். நாற்று நட்டுக் காட்டியவருக்கு அன்றைய கூலி மட்டுமே மிஞ்சும்.

கேரளத்தின் குமரகத்தில் 2008இல் தொடங்கிய பொறுப்புச் சுற்றுலா வேறு வழியைக் காட்டியது. குடும்பஸ்ரீ மகளிர் குழுக்கள் விளைவித்த காய்கறிகளை அங்குள்ள விடுதிகள் வாங்கின. கயிறு திரித்தல், ஓலை முடைதல் போன்ற தொழில்களைக் காண வருவோர் தரும் கட்டணத்தில் அத்தொழிலாளர்களும் பங்கு பெற்றனர். பட்டா இல்லாதவரும் வருவாய் பெற இது வழி திறந்தது.

ஆயினும் இதற்கும் ஓர் எல்லை உண்டு. 1970இல் நடைமுறைக்கு வந்த கேரள நிலச்சீர்திருத்தம் குத்தகையாளரை உடைமையாளராக்கியது. வயலில் உழைத்த தலித் மக்களுக்கோ பெரும்பாலும் குடியிருப்பு மனையே கிடைத்தது. அதுவும் ஊராட்சிப் பகுதிகளில் 10 சென்ட் வரைதான். அதே சட்டத்தின் 74ஆம் பிரிவு புதிய குத்தகைகளைத் தடை செய்கிறது. ஆகவே, பிறர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிடும் குழுக்களுக்குக் குத்தகையாளர் என்ற சட்டப் பாதுகாப்பு இல்லை. உடைமையாளர் நிலத்தைத் திரும்பக் கேட்டால், சுற்றுலா தந்த சந்தையும் சேர்ந்தே பறிபோகும்.

தமிழ்நாட்டுக்கு இதில் பாடம் உண்டு. 1892 முதல் வழங்கப்பட்ட பஞ்சமி நிலங்களை ஒடுக்கப்பட்ட வகுப்பினர் அல்லாதாருக்குக் கைமாற்றக் கூடாது என்பது ஒப்படை நிபந்தனை. பட்டியல் சாதியினரின் நிலத்தை முறைகேடாக ஆக்கிரமிப்பதை வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் குற்றமாக்குகிறது. அந்நிலங்களை மீட்டு உழைப்போர் கூட்டுறவுகளிடம் ஒப்படைப்பதே முதற்படி. விடுதிகள் அக்கூட்டுறவுகளிடமிருந்து விளைபொருள்களை வாங்குவதற்கான எழுத்து வடிவ ஒப்பந்தத்தை உரிம நிபந்தனையாக்குவது அடுத்த படி.

இவ்விரண்டும் இன்றி வரும் பண்ணைச் சுற்றுலா, ஊரின் பழைய ஏற்றத்தாழ்வை விருந்தினர் கண்டு களிக்கும் காட்சியாக்குமே அன்றி, அதை மாற்றாது.