பாட்டன் கட்டிய சுவருக்கு பளபள பெயிண்ட்டா?

கும்பகோணம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறது எங்கள் வீடு. என் கணவரின் தாத்தா கட்டியது. கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் விட்டு அரைத்த சுண்ணாம்புக் காரைச் சுவர். பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிப்பது வழக்கம்.

2021 ஆவணியில் மகளுக்கு வீட்டிலேயே நிச்சயதார்த்தம். சம்பந்தி வீட்டார் வருகிறார்களே, தொட்டால் கையில் ஒட்டும் சுண்ணாம்பு எதற்கு, கூடத்துக்காவது பிளாஸ்டிக் எமல்ஷன் அடிக்கலாம் என்று ஒற்றைக் காலில் நின்றவள் நான்தான். "காரைச் சுவரும்மா, வேண்டாம்" என்றார் மாமியார். "உங்க காலம் வேற அத்தை" என்று வாயை அடைத்து விட்டேன். செலவு 28 ஆயிரம். விசேஷத்தன்று கூடம் ஜொலித்தது வாஸ்தவம்தான்.

ஐப்பசி மழை பிடித்ததும் சுவரில் கொப்புளம் கிளம்பியது. தையில் பெயிண்ட் தோல் தோலாக உரிந்து, காரையையும் பெயர்த்துக் கொண்டு வந்தது. உள்ளே வெள்ளை வெள்ளையாய் உப்பு! "சுவர் பழசும்மா. எல்லாத்தையும் கொத்திட்டு சிமெண்ட் பூசிடலாம்" என்றார் பெயிண்டர். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

மறுநாள் மாமியார் ஊர்ப் பெரிய கொத்தனாரை வரவழைத்தார். அவர் சொன்ன பிறகுதான் புரிந்தது. காரைச் சுவர் தரை ஈரத்தையும் மழை ஈரத்தையும் இழுத்து, வெயிலில் வெளியே விட்டுவிடும். மேலே பிளாஸ்டிக் படலம் மூடினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்பைக் கிளப்பி, காரையை அரித்து விடும். சிமெண்ட் பூசினாலும் இதே கதைதானாம்.

அவர் சொன்னபடியே செய்தோம். முதலில் ஓட்டு ஒழுக்கையும் சுவரோரச் சாக்கடையையும் சரி செய்தோம். பெயிண்டைக் கொத்தாமல் மெதுவாகச் சுரண்டி, கோடை முழுக்கச் சுவரைக் காயவிட்டோம். பெயர்ந்த இடத்தில் சுண்ணாம்பும் மணலும் கலந்த காரையே பூசினோம். சுண்ணாம்பை நீற்றி, துணியில் வடிகட்டி, பால் போலக் கரைத்து, சுவரை நனைத்துக்கொண்டு மெல்லிசாக மூன்று கை அடித்தோம். ஒவ்வொரு கைக்கும் நடுவில் ஒரு நாள் இடைவெளி. அது காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மறுபடி கல்லாக இறுகுமாம். கொஞ்சம் பசை கரைத்து ஊற்றினால் கையில் ஒட்டுவதும் குறையும். கலர் வேண்டுமென்றால் காவியோ மஞ்சள் மண்ணோ கலக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. நீற்றும்போது தண்ணீரில்தான் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும்; கல்லின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் ஆபத்து. குழந்தைகளை அண்ட விடாதீர்கள். பிளாஸ்டிக் வாளியும் வேண்டாம், சூட்டில் இளகிவிடும்.

உங்கள் வீட்டுச் சுவர் எது என்று சந்தேகமா? மறைவான இடத்தில் ஆணியால் கீறிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் கடினமாக இருந்தால் பெரும்பாலும் சிமெண்ட். வெள்ளையாக மிருதுவாக உதிர்ந்தால் சுண்ணாம்பு. பெயிண்ட் கடைக்குப் போவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

"அப்பவே சொன்னேனே" என்று மாமியார் இன்று வரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. இப்போதெல்லாம் தை பிறக்கும் முன்பே, "அத்தை, சுண்ணாம்பு வாங்கிட்டு வரச் சொல்லட்டுமா?" என்று நானே கேட்டு விடுகிறேன்.

– ஒரு வாசகி, கும்பகோணம்.